‘பார்க்கவில்லை’ என்று எழுதியவர்

“உங்க பையன் நல்லா கீறானா சார்?” என்று யாராவது கேட்டால், “நேத்து ஏழே காலுக்கு போன்ல பேசும்போது நல்லாத்தான் இருந்தான்” என்பார் அவர். கேட்டவர் முழிப்பார். பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது, மனுஷன் சொல்லத் தயங்குகிறார் என்று எண்ணிக்கொண்டு தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. அவருக்கு இதெல்லாம் ஏன் என்றே விளங்காது. ஏழே காலுக்குப் பிறகு அவர் பையனிடம் பேசவில்லை. பேசாதபோது நல்லா இருக்கிறான் என்று எப்படி அடித்துச் சொல்வது?

ஒரு முறை கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டுக்காரர் ஒவ்வொரு இலையாகக் குனிந்து, “சாப்பாடு எப்படி சார்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். “சாம்பார் நல்லா இருந்திச்சி. கூட்டு நல்லா இருந்திச்சி. பாயசம் இன்னும் வரல” என்றார் இவர். பெண் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப் போயிற்று. பாயசம் ஓடி வந்தது. குடித்து முடித்துவிட்டு, கை கழுவுகிற இடத்தில் அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, “பாயசமும் நல்லா இருந்திச்சி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

காவலூர் வானாய்வு மையத்தில் அப்போது அவருக்கு வேலை. விஞ்ஞானி அல்ல. பெரிய தொலைநோக்கியின் கூரையைத் திறப்பதற்கு முன்னால் வெளியே வந்து வானத்தைப் பார்த்து, மேகம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், ஈரம் எப்படி, மணி என்ன என்று குறித்துக் கொடுப்பவர்களில் ஒருவர். மழை வருமா என்று அங்கே யாரும் அவரைக் கேட்டதில்லை. இப்போது என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இருபது வருடத்துக்கு மேல் அதையே செய்தால் மனுஷனுக்குப் பேச்சு அப்படி ஆகிவிடும் போலிருக்கிறது. இல்லை, அப்படிப்பட்ட பேச்சுக்காரராக இருந்ததால்தான் அந்த வேலை அவருக்கு அமைந்ததோ என்னவோ. நான் பார்க்கவில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உடனே தட்டித் தேடுவீர்கள். அது அவருக்குப் பிடிக்காது.

எனக்குச் சொந்த ஊர் கணியம்பாடிப் பக்கம். என் கணவருக்கு ஜமுனாமரத்தூரில் பள்ளி ஆசிரியர் வேலை என்பதால் ஜவ்வாது மலைக்கு வந்தவள். என் தொழிலைச் சொன்னால் மாமியாருக்கு இன்றுவரை புரியவில்லை. தேடுபொறியில் ஒரு வார்த்தையைத் தட்டினால் பத்து வரி வருகிறதல்லவா, அதில் வாடிக்கையாளரின் கடையை மேல் வரிக்குக் கொண்டுவருவது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே இதைச் செய்துகொண்டிருந்தேன். சிக்னல் இருக்கும் நேரத்தில் வேலை, இல்லாத நேரத்தில் புலம்பல்.

மலையில் சாமை அரைத்து விற்கும் பெண்கள் குழு ஒன்று இருந்தது. பன்னிரண்டு பேர். சென்னம்மா தலைவி. உமி நீக்கும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, ரோட்டோரம் ஒரு கடை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்தேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கடையில் ஒரு பை வாங்கிப் போவார்கள், அப்புறம் ஊரிலிருந்து ஆர்டர் போடுவார்கள். அந்த வருடம்தான் முதல் தடவையாக அந்தப் பன்னிரண்டு பேரும் காப்பித் தோட்டக் கூலி வேலைக்குப் போகாமல் மலையிலேயே இருந்தார்கள். இல்லாவிட்டால் கார்த்திகை முடிந்ததும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் வேன் வந்துவிடும். குடும்பத்தோடு ஏறினால் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். “வேன் வந்தா என் கிளாஸ்ல பாதி பெஞ்சு காலி” என்பார் என் கணவர்.

மறு வருடம் ஐப்பசி அடைமழையில் வந்தது வினை. எந்த மலையிலோ மண் சரிந்து பஸ் ஒன்று மாட்டிக்கொண்ட வீடியோ. அதில் எவனோ ஒருவன், ‘ஜவ்வாது மலை ரோடு துண்டிப்பு, யாரும் போகாதீங்க’ என்று எழுதி ஏற்றிவிட்டான். லட்சக்கணக்கில் ஓடியது. ஒன்றிரண்டு செய்தித் தளங்களும் விசாரிக்காமல் எடுத்துப் போட்டன. அவ்வளவுதான். தேடுபொறியில் ஜவ்வாது மலை என்று தட்டினாலே முதல் வரியில் ரோடு மூடல் என்றுதான் வந்தது. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் வந்தது. புதுச் சாமை களத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வாங்க ஒரு ஆள் இல்லை.

“யக்கா, நீங்கதான் இந்தத் தொழிலு பண்றீங்களே, அத்த மாத்த முடியாதா?” என்று சென்னம்மா கேட்டாள். “கார்த்திக முடியறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா வேன்தான்.”

நானா விடுவேன்? தெரிந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். ஒரு நாளைக்கு நாலு படம், ரெண்டு ரீல். சென்னை சிநேகிதிகள், அவர்கள் புருஷன்மார்கள், மச்சினர்கள் என எல்லாரையும் லைக் போட வைத்தேன். லைக் வந்தது. தேடுபொறியில் ஒரு வரிகூட அசையவில்லை. அசையாது என்று எனக்கே தெரியும். லைக்கை எண்ணிப் பார்த்து தேடுபொறி யாரையும் மேலே ஏற்றுவதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு நாலு பேர் நம்மைப் பேர் சொல்லித் தேட வேண்டும், தங்கள் பக்கத்தில் லிங்க் கொடுத்து நம்மைச் சுட்டி எழுத வேண்டும், வந்தவர்கள் நின்று படிக்க வேண்டும். அப்போதுதான் அசையும். வாடிக்கையாளர்களுக்கு மணிக்கணக்கில் இதைப் பாடம் எடுத்தவள் நான். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோய் லைக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ‘இன்றைய ஜவ்வாது மலை! ரோடு சூப்பர்!’ என்று மலைப்பாதைப் படம் ஒன்றைப் போட்டேன். பழைய படம். எவனுக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். அரை மணி நேரத்தில் கீழே ஒரு கருத்து வந்து உட்கார்ந்தது.

‘இந்தப் படம் இன்றையது அல்ல. வலப்பக்கப் புளியமரத்தில் பழம் தொங்குகிறது. இன்று காலை 8.20க்கு அந்த மரத்தைப் பார்த்தேன். பச்சைக் காய்தான் இருக்கிறது.’

அதற்கு எழுபது பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அதை எழுதியவர்தான் நான் சொன்ன மனிதர். காவலூரில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து நேரே போய்விட்டேன். வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் இது? நான் மலைக்கு நல்லதுக்குத்தானே போட்டேன்? நீங்களே இப்படிப் பண்ணா எப்டி?”

“படம் இன்னைக்கு எடுத்ததாம்மா?”

“இல்ல. ஆனா ரோடு திறந்துதானே கீது?”

“எந்த ரோடு?”

“எல்லா ரோடும்தான்!”

“நான் ஆலங்காயம் பக்கம் மட்டும்தான் பாத்தேன். அது திறந்து இருந்திச்சி. போளூர் பக்கம் நான் பாக்கல. அமிர்தி பக்கமும் பாக்கல. நீங்க பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து கணினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். “இவரு எங்கிட்டயும் இப்டித்தாம்மா. கொழம்பு எப்டின்னு கேட்டா, அத முழுசா சாப்ட்டு ரசம் ஊத்திக்கற வரைக்கும் பதில் வராது” என்று சிரித்தார். குடித்துவிட்டு வரும்போது வழியெல்லாம் யோசித்தேன். வீட்டை அடைவதற்குள் திரும்பவும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அவரிடமே கேட்டேன்.

“சார், நீங்க பாத்தத மட்டும் எழுதித் தர்றீங்களா? தெனமும்?”

“அது தர்லாம்” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வேலை இடத்தில்தான் அவருக்கு இணையம். வீட்டில் சிக்னல் குறுஞ்செய்தி போகிற அளவுக்குத்தான் இருக்கும். காலையில் மொபெட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்து எனக்குச் செய்தி அனுப்புவார். நான் அதை அப்படியே சாமைக் குழுவின் இணையதளத்திலும், ‘மலைப்பாதை இன்று’ என்று தொடங்கிய சமூக ஊடகப் பக்கத்திலும் போட வேண்டும். ஒரு எழுத்து மாற்றக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. முதல் நாள் செய்தி இப்படி இருந்தது:

‘காலை 8.05. ஆலங்காயம் பாதை. கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் பார்த்தேன். திறந்திருக்கிறது. ஒரு வளைவில் சேறு. போளூர் பாதை: திறந்திருக்கிறது, பார்த்தவர் முதல் பஸ் ஓட்டுநர். அமிர்தி பாதை: பார்க்கவில்லை.’

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விளம்பரத்தில் எவனாவது ‘பார்க்கவில்லை’ என்று எழுதுவானா? ஆனால் அதைப் போட்ட ஒரு மணி நேரத்தில் கணியம்பாடிப் பக்கத்து ஆள் ஒருவர் கீழே வந்து எழுதினார்: ‘9 மணி. அமிர்தி பாதை. நான் பார்த்தேன். பைக் போகும். கார் வேண்டாம்.’ தெரியாது என்று ஒருவர் எழுதினால், தெரிந்தவனுக்குக் கை சும்மா இருக்காது போல. அடுத்த வாரம் ஜீப் ஓட்டுநர், கிராமத்துச் செவிலியர், பால் வண்டிக்காரர் எல்லாரும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் மணி, இடம், பார்த்தது என்று அதே வரிசையில்தான் எழுதினார்கள். வரிசை தவறினால் சார் கீழே வந்து, ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டுவிடுவார் என்ற பயம்.

பெங்களூரு பைக் ஓட்டிகள் ஒரு கூட்டம் தங்கள் தளத்தில் எங்கள் பக்கத்தைச் சுட்டி, கிளம்புவதற்கு முன்னால் இதைப் பாருங்கள் என்று எழுதினார்கள். ஜனங்கள் ‘மலைப்பாதை இன்று’ என்று பேர் சொல்லியே தேட ஆரம்பித்தார்கள். மூன்றாம் பக்கத்தில் கிடந்த எங்கள் தளம் முதல் பக்கத்தின் நடுவுக்கு ஏறியது. எனக்கு நிலைகொள்ளவில்லை. போன் போட்டு அவரிடம் சொன்னேன்.

“ஏழாவது வரிக்கு வந்துட்டோம் சார்!”

“எப்ப பாத்தீங்க?”

“இப்பத்தான், பதினோரு மணிக்கு.”

“சரி. அப்ப பதினோரு மணிக்கு ஏழாவது” என்றார். அவ்வளவுதான் அவர் கொண்டாட்டம்.

ஆனாலும் முதல் வரியில் அந்தப் பொய் வீடியோ அப்படியேதான் இருந்தது. கார்த்திகை பாதி ஆயிற்று. வேன் எப்போது வரும் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பிவிட்டான். பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீட்டுக்காரர்கள் அவனிடம் பேர் கொடுத்துவிட்டார்கள் என்று சென்னம்மா வந்து சொன்னாள். அந்த நேரத்தில்தான் வாணியம்பாடியிலிருந்து நாற்பது பேர் ரெண்டு வேனில் சனிக்கிழமை வருவதாகவும், புதுச் சாமை ஆளுக்குப் பத்து கிலோ வேண்டும் என்றும் போன் வந்தது. சென்னம்மா கடையைக் கழுவிக் கோலம் போட்டாள்.

சனிக்கிழமை விடிகாலையில் மழை. ஏழு ஐம்பதுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. ‘காலை 7.40. ஆலங்காயம் பாதை. மேல் வளைவில் பெரிய மரம் விழுந்து கிடக்கிறது. மண்ணும் சரிந்திருக்கிறது. மூடல்.’

அந்த நேரத்தில் சென்னம்மா என் வீட்டில்தான் இருந்தாள். செய்தியைப் படித்துச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் போடாதீங்க யக்கா. அதுக்குள்ள மரத்த அறுத்துடுவாங்க. மூடல்னு பாத்தா அவுங்க திரும்பிப் போய்டுவாங்க. அப்பறம் எவன் வருவான்?”

நான் போடவில்லை. சென்னம்மா சொன்னாள் என்று இப்போது சொல்வது சுலபம். போனும் பாஸ்வேர்டும் என் கையில்தான் இருந்தன. முடிவு என்னுடையது.

மரத்தை அறுக்கப் பகல் மூன்று மணி ஆயிற்று. முந்தின நாள் ‘திறந்திருக்கிறது’ என்பதை நம்பி ரெண்டு வேனும் வந்து மரத்தடியில் நின்றன. தூறலில் குழந்தைகள், சர்க்கரை நோய்க்காரப் பெரியம்மா ஒருவர். அந்த வளைவில் வேனைத் திருப்ப முடியாமல் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பள்ளம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது. ஒன்பது ஐம்பதுக்கு நான் செய்தியைப் போட்டபோது வேன் கூட்டத்தின் தலைவர் கீழே எழுதினார்: ‘இந்தப் பக்கத்தை நம்பித்தான் வந்தோம். நல்லா இருங்க.’ வெறும் திட்டாக இருந்தால் தாங்கியிருப்பேன்.

சற்று நேரத்தில் சாரிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. ‘இதையும் சேர்க்கவும்: 7.50க்கு அனுப்பிய தகவல் 9.50க்கு வெளியானது. இரண்டு மணி நேரத் தாமதம். காரணம்: பார்க்கவில்லை.’

அவருக்குத் தெரியாதா? சிக்னல் இருக்கும்போது எனக்கு ஒரு வரி ஏற்ற ஒரு நிமிடம் போதும் என்று நன்றாகத் தெரியும். ஆனால் அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே என்மேல் பழி போடவில்லை. அந்த வரியை என் கையாலேயே ஏற்றிவிட்டு நான் அழுதேன். மறுநாள் காலையில் காவலூருக்குப் போனேன்.

“சார், நேத்து லேட் ஆனது நான் பண்ணதுதான். வேணும்னேதான் போடல.”

கோபப்படவில்லை.

“எத்தன மணிக்கு முடிவு பண்ணீங்க?”

“எட்டு மணி இருக்கும் சார்.”

“யாராவது சொன்னாங்களா, நீங்களா பண்ணதா?”

“நானாத்தான்.”

“அப்ப எழுதிடலாமா?”

மனுஷன் கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். எழுதுங்கள் என்றேன். உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, திண்டாடித் திண்டாடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார். என் முழுப் பெயரோடு. என் போன் என் கைப்பையிலேயே அதிர்ந்தது. அங்கிருந்து சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு எழுத்து மாற்றாமல், தளத்திலும் பக்கத்திலும் ஏற்றினேன்.

அத்தனை ரீல் போட்டும் நடக்காதது அந்த வரிக்கு நடந்தது. எடுத்துப் பகிர்ந்தார்கள். பகிர்ந்தவர்கள் சிலர் என்னைத் திட்டினார்கள், சிலர் இப்படியும் ஒரு பக்கமா என்று ஆச்சரியப்பட்டார்கள். பைக் ஓட்டிகள் அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். பொய் வீடியோவை எடுத்துப் போட்ட தளங்களில் ஒன்று தன் பழைய செய்தியை நீக்கிவிட்டு எங்களைச் சுட்டி எழுதியது. பேர் சொல்லித் தேடியவர்கள் எத்தனையோ பேர். பத்து நாளுக்குள் ஜவ்வாது மலை ரோடு என்று தட்டினால் எங்கள் தளம்தான் முதலில் வந்தது. வாணியம்பாடி வேன் தலைவர் மறுபடி போன் செய்தார். “மூடல்னா மூடல்னு போடுவீங்கள்ல? அப்ப வர்றோம்” என்றார். வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

மார்கழி முதல் வாரம் மேஸ்திரியின் வேன் வந்து கடைக்கு எதிரிலேயே நின்றது. ஹாரன் அடித்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே இருந்த யாருக்கும் கேட்கவில்லை. அவனே இறங்கி வந்தான். சென்னம்மா தலையில் உமியோடு எட்டிப் பார்த்து, “நாங்க வர்ல. ஆர்டர் கீது, நீ போ” என்றாள். பேர் கொடுத்திருந்த ஐந்து வீட்டுக்காரர்களும் ஏறவில்லை. அந்த வருடம் தை மாதம் முழுக்கத் தன் வகுப்பில் எல்லாப் பெஞ்சும் நிறைந்திருந்ததாக என் கணவர் இன்றும் சொல்வார்.

சார் ஓய்வு பெற்று ஓசூரில் பையனோடு போய் இருக்கிறார். ‘மலைப்பாதை இன்று’ பக்கத்தை இப்போது ஜீப் ஓட்டுநரும் செவிலியரும் நடத்துகிறார்கள். சமயத்தில் நான் போன் செய்வேன். எப்படி இருக்கீங்க சார் என்று கேட்டால், “இப்ப நல்லா கீறேன்மா” என்பார். அவர் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும். அதனால் எனக்கும் நிம்மதி. இந்த மனுஷனை எனக்குத் தெரியும் என்பதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். நேரில் சொன்னால் எதற்கு, எப்போது என்று கேட்பார் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் தொழிலில் இன்னொரு பாதி உண்டு. ஒருவரின் பெயரைத் தட்டினால் அவருக்குப் பிடிக்காத ஏதோ ஒன்று மேலே வந்து நிற்கும். அதை ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அதற்காகவே என்னிடம் பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள். மூன்று வாரத்தில் முடித்துக் கொடுப்பேன். போன மாதம் அப்படி வந்த ஒருவர், வேலையைக் கொடுக்கும் முன்னால் என் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

“மேடம், உங்க பேர்ல மொதல்ல வர்றதே ஒரு மாதிரி இருக்கே. அத ஏன் நீங்க கீழ தள்ளல?” என்று கேட்டார்.

முழுசாகப் படித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். முதலில் என் பெயர் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் இவர் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு: ‘நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை 8.30க்கு அவரே வந்து சொன்னார்.’